பழைய பியட்டுக்குப் புது எஞ்சினா?

இந்தப் பகுதிக்கு வருகிற கடிதங்களில் முக்கால்வாசி மாமியார் மருமகள் சமாசாரமாக இருக்கும். மிச்சம், ஆவக்காய் ஏன் பூசணம் பூத்தது என்று கேட்டு வருபவை. சென்ற மாதம் மந்தைவெளியிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம் இரண்டிலும் சேரவில்லை. மோட்டார் எஞ்சினைப் பற்றிய கடிதம் அது!

"இதெல்லாம் ஆண்பிள்ளைகள் விவகாரம்" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கடிதத்தை முதலில் படியுங்கள், அப்புறம் சொல்லுங்கள்.

"என் அப்பா 1968-இல் வாங்கிய பியட் 1100 கார் எங்கள் வீட்டுப் போர்ட்டிகோவில் நிற்கிறது. அப்பா காலமாகி மூன்று வருஷம் ஆகிறது. நான் அதில்தான் கார் ஓட்டப் பழகினேன். இப்போது காலையில் ஸ்டார்ட் ஆக அரை மணி நேரம் அடம் பிடிக்கிறது. லஸ் முனை தாண்டினால் இருமுகிறது. ஒரு நாள் தி.நகர் துரைசாமி சப்வேயின் நடுவில் நின்றுவிட்டு, பின்னால் வந்த அத்தனை பேரிடமும் நான் வாங்கிய அர்ச்சனையை எழுத முடியாது. எஞ்சினீயரிங் படிக்கிற என் பையன், 'அம்மா, கார்பரேட்டர் காலம் முடிந்துவிட்டது. ஜிப்ஸி எஞ்சின் ஒன்றைத் தூக்கி வைத்துவிடலாம். ஃப்யூவல் இஞ்செக்ஷன். சாவியைத் திருப்பினால் போதும்' என்கிறான். இவரோ, 'இரண்டும் வேண்டாம், புதுப்பேட்டைக்கு அனுப்பு' என்கிறார். பழைய எஞ்சினையே செப்பனிட்டுக் கொள்வதா, புதிதை வைப்பதா? எனக்கு ஒரு வழி சொல்லுங்கள்."

பார்த்தீர்களா? எஞ்சினைப் பற்றிய கேள்விதான். ஆனால் அப்பா, கணவர், பிள்ளை மூன்று பேரும் அந்த எஞ்சினுக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். தபாலில் நாலு வரி எழுதிப் போட்டுவிடக்கூடிய விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நானே புறப்பட்டுப் போனேன்.

போன இடத்தில் நடந்ததைச் சொல்லுமுன், கார்பரேட்டர் என்றால் என்ன என்று தெரிந்துகொண்டுவிடலாம். (மெக்கானிக்குகள் வாயில் அது 'கார்பேட்டர்'. நீங்களும் அப்படியே சொல்லலாம். ஜெனரல் பாட்டர்ஸ் ரோடு ஸ்பேர் கடைகளில் அதுதான் செல்லுபடியாகும்.) பாட்டி வீட்டில் கொசு மருந்து அடிக்கிற ஃப்ளிட் பம்ப்பைப் பார்த்திருப்பீர்கள். கைப்பிடியைத் தள்ளினால் காற்று ஒரு சின்னக் குழாயின் வாயைத் தாண்டி வேகமாகப் பாயும். அந்த வேகத்தில் டப்பாவிலுள்ள மருந்து தானாக மேலே ஏறிப் புகைபோலச் சிதறும். கார்பரேட்டர் செய்வதும் அதே காரியந்தான். எஞ்சின் மூச்சை இழுக்கிறது. காற்று குறுகலான கழுத்து வழியாக ஓடுகிறது. பெட்ரோல் ஒரு சின்னத் துவாரத்தின் வழியாக உறிஞ்சப்பட்டுக் காற்றோடு கலக்கிறது. அந்தத் துவாரமுள்ள பித்தளைத் திருகாணிக்கு 'ஜெட்' என்று பெயர். உள்ளே பெட்ரோல் எப்போதும் ஒரே மட்டத்தில் நிற்பதற்கு ஒரு மிதவை உண்டு. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் பந்து வால்வு இருக்கிறதல்லவா, அதே ஏற்பாடு. ஜெர்மனியில் வில்ஹெல்ம் மேபாக் என்பவர் 1893-இல் இப்படித் தெளிக்கிற கார்பரேட்டர் ஒன்றைச் செய்தார். அதற்குப் பிறகு நூறு வருஷம் உலகத்தில் ஓடிய பெட்ரோல் கார்களில் பெரும்பாலானவை இந்த உபாயத்தில்தான் ஓடின.

இஞ்செக்ஷன் வேறு ஜாதி. பெட்ரோல் டாங்கிக்குள்ளேயே ஒரு மின்சாரப் பம்ப். அது பெட்ரோலை நல்ல அழுத்தத்தில் தள்ளிக்கொண்டே இருக்கும். எஞ்சின் வாசலில் ஊசிமுனை போன்ற இஞ்செக்டர்கள். எவ்வளவு காற்று வருகிறது, எஞ்சின் எவ்வளவு சூடு, வெளியே போகிற புகையில் பிராணவாயு எவ்வளவு மிச்சம் என்று வேவு பார்க்கச் சென்ஸார்கள். இத்தனை பேர் கொண்டுவருகிற சமாசாரத்தையும் கேட்டுக்கொண்டு, ஒரு சின்னக் கம்ப்யூட்டர் ஒவ்வொரு தடவையும் இத்தனை சொட்டு என்று அளந்து விடும். கண்ணளவாய் உப்புப் போடுகிற பாட்டிக்கும், தராசில் நிறுத்துப் போடுகிற பேத்திக்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கூட்டர் ஓட்டுகிற சகோதரிகளுக்கு இது அநுபவத்திலேயே தெரியும். மார்கழி மாசத்தில் சோக்கை இழுத்து வைத்துக்கொண்டு உதைத்த உதை நினைவிருக்கிறதா? 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்த பிறகு விற்கிற ஸ்கூட்டர்களில் அந்தத் தொல்லை போய்விட்டதற்குக் காரணம் இஞ்செக்ஷன்தான்.

அதனால் இது நேற்றுப் பிறந்த வித்தை என்று எண்ணிவிட வேண்டாம். மெர்சிடிஸ் கம்பெனியார் 1954-இலேயே தங்கள் 300 எஸ்.எல். காரில் பெட்ரோல் இஞ்செக்ஷன் வைத்துவிட்டார்கள். பாஷ் கம்பெனியின் மின்சார மூளை வைத்த இஞ்செக்ஷன் 1967-இல் போக்ஸ்வாகன் காரில் வந்தது. நம் மந்தைவெளி பியட் பிறப்பதற்கு முந்தின வருஷம்! இந்தியாவில் அது வீட்டுக்கு வீடு வரத்தான் 2000-ஐ ஒட்டிய புகைக் கட்டுப்பாட்டு விதிகள் வேண்டியிருந்தது. அதுவரை நமக்குக் கார்பரேட்டர்தான் குலதெய்வம். செங்கற்பட்டுப் பக்கம் மறைமலை நகரில், ஜப்பானின் மிகுனி கம்பெனியோடு கூட்டாக ஏற்பட்ட யூகால் நிறுவனம் மாருதி கார்களுக்குக் கார்பரேட்டர் செய்து கொடுத்திருக்கிறது. நம் ஊர்ச் சரக்குத்தான்.

சரி, போர்ட்டிகோவுக்கு வருவோம்.

கார் அழகாகவே இருந்தது. பழைய மூன்றெழுத்து நம்பர் பிளேட். ஸ்டியரிங் தண்டோடு ஒட்டிய கியர். முன்னால் தனித்தனி நாற்காலிகள் கிடையாது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை சோபா மாதிரி ஒரே ஸீட். அம்மாள் காபி கொண்டுவந்தார். பையன் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தான். சும்மா சொல்லக்கூடாது, பிள்ளை நன்றாகவே படித்து வைத்திருந்தான். 'எந்த எஞ்சினை வேண்டுமானாலும் தூக்கி வைக்கலாம்' என்கிற பேர்வழி அல்ல. மாருதி கார்களின் எஞ்சின்கள் பெரும்பாலும் குறுக்குவாட்டில் உட்கார்ந்து முன் சக்கரத்தை ஓட்டுபவை. பியட்டிலோ எஞ்சின் நீளவாட்டில் உட்கார்ந்து பின் சக்கரத்தை ஓட்டுகிறது. ஜிப்ஸியிலும் எஞ்சின் நீளவாட்டுத்தான், அதனால் அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறான். 1298 சி.சி., 80 குதிரை சக்தி. பியட்டில் இருப்பது 1089 சி.சி., நாற்பதுக்குச் சற்று மேல்.

"இன்னொரு காரணமும் இருக்கு ஆன்ட்டி. இப்போ பங்க்ல போடற பெட்ரோல்ல இருபது சதவீதம் எத்தனால். அந்தக் காலத்துக் கார்பரேட்டருக்கு அது தெரியவே தெரியாது" என்றான்.

இது வாஸ்தவமான பேச்சு. 2023-இல் இந்த 'ஈ-20' பெட்ரோல் விற்பனைக்கு வந்து, இரண்டு வருஷத்துக்குள் நாடெங்கும் பரவிவிட்டது. ஒரு கிலோ பெட்ரோல் முழுதும் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு கிலோ எத்தனாலுக்கு 9 கிலோ போதும். கலப்புப் பெட்ரோலைப் பழைய ஜெட் வழியாக விட்டால், காற்று ஜாஸ்தி, பெட்ரோல் கம்மி என்று ஆகிவிடும். எஞ்சின் சூடேறும், இழுக்காது, இருமும். இஞ்செக்ஷன் எஞ்சினில் பிராணவாயுச் சென்ஸார் இதைக் கண்டுபிடித்து, கம்ப்யூட்டரிடம் கோள் சொல்லி, ஓரளவு சரிசெய்துவிடும். போதாததற்கு எத்தனால் பழைய ரப்பரை ஊறவைத்து வெடிக்கச் செய்யும். காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். மாசக்கணக்கில் போர்ட்டிகோவில் நிற்கிற காரின் டாங்கி உள்ளே துருப்பிடிக்க வேறென்ன வேண்டும்?

பிள்ளை பக்கம் நியாயம் இருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போது, அம்மாள் வரச்சொல்லியிருந்த மெக்கானிக் பாய் வந்து சேர்ந்தார். எழுபது வயசுக்கு மேல் இருக்கும். அந்தக் காரை அவள் அப்பா காலத்திலிருந்தே பார்க்கிறவர். பையன் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு பானெட்டைத் திறந்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"எம்மா, இதுக்கு மொத்தம் நாலு சீக்கு. கார்பேட்டர் சீக்கு அதுல ஒண்ணுதான்" என்றார்.

முதலாவது, பெட்ரோல் வருகிற ரப்பர் ஹோஸ். கையால் மடித்துக் காட்டினார். உலர்ந்த சுண்டைக்காய் வற்றல் மாதிரி வெடித்துக் கறுப்புத் தூளாக உதிர்ந்தது. அந்தத் தூள்தான் போய் ஜெட்டை அடைத்திருக்கிறது. இரண்டாவது, ஏ.சி. பம்ப். குளிர்சாதனத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. எஞ்சினோடு ஒட்டியிருந்து பெட்ரோலை உறிஞ்சித் தருகிற சின்னப் பம்ப்புக்கு நம் மெக்கானிக்குகள் வைத்த பெயர். அதற்குள்ளிருக்கிற டயாபிரம் என்கிற தோல் ஊறிப்போயிருந்தது. மூன்றாவது, டெல்கோ. பொறி பிரித்து அனுப்புகிற உறுப்பு. அதற்குள் பாயிண்ட் கரிந்திருந்தது. காலையில் அடம் பிடித்ததற்கு இவர்தான் முக்கியக் குற்றவாளி. பழி முழுவதும் பாவம், கார்பரேட்டர் தலையில்! கடைசியாகத்தான் பாய் கார்பரேட்டருக்கு வந்தார். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் திரும்புகிற சின்னத் தண்டை ஆட்டிக் காட்டினார். விளக்குமாற்றுக் குச்சி மாதிரி ஆடியது. ஐம்பத்தைந்து வருஷத் தேய்மானம். அந்த இடுக்கு வழியாகத் திருட்டுக் காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது.

"லேத்துல குடுத்துப் புஷ் அடிச்சா சரியாப் பூடும். மெயின் ஜெட்டை ஒரு சைஸ் ஏத்தணும். இப்ப வர்ற பெட்ரோலுக்கு அது வேணும், தம்பி சொல்றது கரெக்ட்."

"எவ்வளவு ஏத்தணும்னு எப்படித் தெரியும் பாய்? சென்ஸார் இல்லியே?" என்றான் பையன்.

பாய் ஸ்பார்க் பிளக் ஒன்றைக் கழற்றி அவன் உள்ளங்கையில் வைத்தார். "மூக்கைப் பாரு. வெள்ளையா வெந்து போயிருக்கு. பெட்ரோல் பத்தலை. கரி பிடிச்சிருந்தா ஜாஸ்தி. பிஸ்கட் கலர் வரணும். பத்து கிலோமீட்டர் ஓட்டு, கழட்டிப் பாரு. மறுபடி ஓட்டு, கழட்டிப் பாரு."

பையன் ஒன்றும் சொல்லவில்லை. நோட்டுப் புத்தகத்தில் ஏதோ எழுதிக்கொண்டான்.

நான் மட்டும் அதிகப்பிரசங்கித்தனமாக, "ஜெட் அடைத்தால் பம்ப் ஸ்டவ்வுக்குக் குத்துகிற பின்னால் ஒரு குத்துக் குத்திவிட்டால் போதாதோ?" என்று கேட்டு வைத்தேன். பாய் முகத்தில் அப்படி ஒரு கோபத்தை எதிர்பார்க்கவில்லை. பித்தளை மெல்லிசானது. பின்னால் குத்தினால் துவாரம் பெரிதாகிவிடும். அப்புறம் எந்த டியூனிங்குக்கும் மசியாது. காற்றால் ஊத வேண்டுமே தவிரக் குத்தக் கூடாது. வாசகிகள் யாராவது நான் நினைத்ததையே நினைத்துக்கொண்டிருந்தால் மறந்துவிடவும்.

இந்த இடத்தில் என் சித்தப்பாவின் கதையைச் சொல்லியாக வேண்டும். அடையாறு காந்தி நகரில் இருக்கிறார். அவரிடமும் ஒரு பியட் இருந்தது. முன்பு அந்தக் கார் சித்திரை வெயிலில் திரு.வி.க. பாலத்தின் மேல் நின்றுவிடும். பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிவிடும். சித்தப்பா ஏ.சி. பம்ப்பின் மேல் ஈரத்துணி சுற்றிவிட்டுக் கூவம் எது, அடையாறு எது என்று எங்களுக்குப் பூகோள பாடம் நடத்துவார். பத்து நிமிஷத்தில் கார் கிளம்பும். இது பொறுக்காமல்தான் ஒரு பட்டறையில் விட்டு ஜிப்ஸி எஞ்சினை வைத்தார். பட்டறையின் பெயர் வேண்டாம்.

ஒரு மாசம் என்றார்கள். பதினாலு மாசம் ஆயிற்று. எஞ்சினை உட்காரவைக்கப் புது மவுண்ட் பற்றவைத்தார்கள். அடியிலிருந்த எண்ணெய்த் தொட்டி சட்டத்தில் இடித்தது என்று அதை வெட்டி ஒட்டினார்கள். எஞ்சினோடு அதன் கியர் பெட்டியும் வந்தது. அதனால் பின்னால் போகிற ஷாஃப்டை லேத்தில் கொடுத்து நீளம் குறைத்தார்கள். புதுப் பம்ப்புக்காகப் பெட்ரோல் டாங்கியைத் திறந்தார்கள். டைனமோவைக் கழற்றி ஆல்டர்னேட்டர் வைத்தார்கள். கடைசியில் கார் வந்தது. அடேயப்பா, என்ன வேகம்! சாவியைத் தொட்டால் கிளம்புகிறது. பாலம், வெயில் எதுவும் லட்சியமில்லை. சித்தப்பா ஒரு வாரம் தரையில் நடக்கவில்லை.

எட்டாம் நாள் சர்தார் பட்டேல் ரோடில், முன்னால் போன ஆட்டோ திடீரென்று நிற்க, இவர் பிரேக்கை மிதித்தார். எஞ்சின் 80 குதிரை. பிரேக் மட்டும் அதே பழைய நாலு டிரம் பிரேக். ஆட்டோவின் பின்பக்கம் நசுங்கியது. நல்ல வேளை, மனிதருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் இன்ஷூரன்ஸில் கேட்டபோது, ஆர்.ஸி. புத்தகத்திலிருக்கிற எஞ்சின் நம்பர் ஒன்று, காரிலிருக்கிற நம்பர் ஒன்று! பட்டறைக்காரர் 'நானே மாற்றிக் கொடுத்துவிடுகிறேன்' என்று சொல்லியிருந்தாராம். மாற்றவில்லை. சித்தப்பா கேட்கவும் இல்லை. ஆட்டோக்காரருக்குக் கைப்பணம் கொடுத்து முடித்தார். மறு வருஷம் ஒரு மழை நாளில் ஏதோ ஒரு சென்ஸார் ஒயர் போய்விட்டது. ஒயரிங் செய்த பையன் துபாய் போய்விட்டான். எந்த ஒயர் எங்கே போகிறது என்று அவனுக்கும் ஆண்டவனுக்கும்தான் தெரியும். கார் இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறது, மேலே தார்ப்பாய் போட்டு.

கார்பரேட்டர் பார்க்கிற பாய்மார் அருகி வருகிறார்கள், இஞ்செக்ஷன் என்றால் யார் வேண்டுமானாலும் பார்ப்பார்கள் என்று பையன் சொன்னதற்கு நான் இந்தக் கதையைத்தான் பதிலாகச் சொன்னேன். ஷோரூமிலிருந்து வந்த காரை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஒருவர் கைப்பட வெட்டி ஒட்டியதை அந்த ஒருவர்தான் பார்க்க முடியும்.

கம்பெனிக்காரர்களே எஞ்சினை மாற்றினால் சங்கதி வேறு. அம்பாஸடர் காரை எடுத்துக்கொள்ளுங்கள். அதே உடம்பில் பழைய 1489 சி.சி. எஞ்சின் பல காலம் இருந்தது. 1990-களில் ஜப்பானிய இஸுஸு 1.8 லிட்டர் எஞ்சின் வந்தது. அப்புறம் அதற்கே இஞ்செக்ஷனும் வந்தது. மவுண்ட், ஒயரிங், பிரேக் எல்லாம் தொழிற்சாலையிலேயே கணக்குப் போட்டுச் செய்தது. அப்படியிருந்தும் கம்பெனிகளுக்கும் சறுக்கியதுண்டு. நம் ஊர் ஸ்டாண்டர்ட் கம்பெனியை நினைவிருக்கிறதா? ஹெரால்ட் கார் செய்து கொடுத்தவர்கள். 1985-இல் அவர்கள் 'ஸ்டாண்டர்ட் 2000' என்று ஒரு கார் கொண்டுவந்தார்கள். உடம்பு, இங்கிலாந்தின் பெரிய ரோவர் காருடையது. பார்த்தால் கண் பறிபோகும். உள்ளே வைத்தது, பழைய வான்கார்ட் கார் வம்சத்து இரண்டு லிட்டர் கார்பரேட்டர் எஞ்சின். பட்டுப்புடவை கட்டிய மணப்பெண்ணை ஒற்றை மாட்டு வண்டியில் ஏற்றிய கதை. எஞ்சினால் அந்த உடம்பை இழுக்க முடியவில்லை, பெட்ரோலைக் குடித்துத் தீர்த்தது. சில வருஷங்களிலேயே உற்பத்தி நின்றுபோயிற்று. இளைய உடம்பில் கிழ எஞ்சின் அது. நம் பிள்ளை செய்யப் பார்ப்பது கிழ உடம்பில் இளைய எஞ்சின்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சித்தப்பா மாதிரி யாரும் மாட்டிக்கொள்ளக் கூடாது. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.ஸி.யில் கண்ட விவரங்கள் கம்பெனிக்காரர் கொடுத்த விவரத்துக்கு மாறாகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தித் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆகையால் எஞ்சினைத் தொடுமுன் ஆர்.டி.ஓ. ஆபீஸில் எழுத்து மூலமாக அநுமதி கேளுங்கள். கொடுக்காவிட்டால் அத்துடன் விஷயம் முடிந்தது. 'அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று பட்டறையில் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொரு சங்கதி, இந்தச் சகோதரிக்கே தெரியாதது. ஐம்பது வருஷம் தாண்டிய வண்டிகளைப் 'விண்டேஜ்' என்று தனியாகப் பதிவு செய்ய 2021-இல் மத்திய சர்க்கார் விதி செய்திருக்கிறது. முன்பே பதிவான வண்டிக்குப் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் எஞ்சினோ சேஸிஸோ உடம்போ பெரிதாக மாறியிருக்கக் கூடாது. எஞ்சினை மாற்றினால் அந்த யோக்கியதை போச்சு. அவசரப்பட்டு விண்டேஜில் போய்ப் பதிந்துவிடவும் வேண்டாம். அப்படிப் பதிந்தால் கண்காட்சி, ஊர்வலம், ரிப்பேர் இவற்றுக்குத்தான் தெருவில் எடுக்கலாம். தினசரி மார்க்கெட்டுக்கு ஓட்ட முடியாது. சாதாரணப் பதிவிலேயே, தகுதிப் பரிசோதனை செய்து ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பித்துக்கொண்டு போகலாம். பதினைந்து வருஷம் ஆன பெட்ரோல் காரை ஓட்டவே கூடாது என்று அவர் கணவர் எங்கோ கேள்விப்பட்டிருந்தார். அது டில்லி வட்டாரத்துக்காகப் பிறந்த உத்தரவு, இங்கே அது இல்லை.

இத்தனையும் பேசி முடித்த பிறகு பையன், "ஜிப்ஸி கியர் தரையில்தான் வரும். முன் ஸீட்டை வெட்டித் தனித்தனியாகப் போட்டுக்கலாம்மா. சௌகரியமாவும் இருக்கும்" என்றான். அம்மாள் அதுவரை ஒரு வார்த்தை பேசாமல் காரின் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தார். துணியைக் கீழே வைத்தார்.

"அந்த ஸீட்டில் நடுவிலேதான் நான் உட்காருவேன்" என்றார். "இந்தப் பக்கம் தாத்தா, அந்தப் பக்கம் பாட்டி. கியர் மாற்றும்போது முழங்காலைத் தள்ளி உட்காரச் சொல்லுவார் தாத்தா."

யாரும் பேசவில்லை. பாய் பிளக்கைத் திரும்ப மாட்டினார்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டார்கள். சொன்னேன். இந்தக் காருக்கு எஞ்சின் மாற்ற வேண்டாம். பாய் கண்டுபிடித்த நாலில் மூன்று சீக்கு எஞ்சினையே சேர்ந்ததல்ல. ஹோஸ், பம்ப், டெல்கோ மூன்றையும் சரிசெய்துவிட்டு ஒரு மாசம் ஓட்டிப் பார்க்கட்டும். ஹோஸ் வாங்கும்போது எத்தனாலைத் தாங்குகிற ரகமா என்று கேட்டு வாங்க வேண்டும், அதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. பாயிண்டுக்குப் பதிலாக எலெக்ட்ரானிக் இக்னிஷன் வைத்துக்கொள்ளலாம். டெல்கோவுக்குள்ளேயே அடங்கிவிடும், காலையில் சமர்த்தாய்க் கிளம்பும். கார்பரேட்டரை லேத்துக்கு அனுப்பிப் புஷ் அடித்து, கிட் மாற்றி, ஜெட் ஏற்றிக்கொள்ளலாம். டாங்கியைக் கழற்றிக் கழுவ வேண்டும். பணம் மிஞ்சினால் ரேடியேட்டரும் பிரேக்கும். இதில் எதைச் செய்தாலும் பிடிக்காவிட்டால் பழையபடி மாற்றிவிடலாம். வெட்டிய தரையையும் ஸீட்டையும் மாற்ற முடியாது. செலவும், கார்பரேட்டருக்கு ஆவது ஒரு நல்ல புடவைக் காசு என்றால், எஞ்சின் மாற்ற ஆவது கலியாணச் சீர்.

வாரத்துக்கு ஒரு தரமாவது ஓட்ட வேண்டும் என்பதையும் கண்டிப்பாகச் சொன்னேன். எத்தனால் கலந்த பெட்ரோலை மாசக்கணக்கில் டாங்கியில் தேக்கி வைத்தால் பாயின் வேலையெல்லாம் வீண்.

பையன் முகம் வாடியதைப் பார்த்து இன்னொன்றும் சொன்னேன். எஞ்சின் பிளாக்கே வெடித்துப் போயிருந்தாலோ, தினசரி சிறுசேரிக்குப் போய்வரும் வண்டியாக இருந்தாலோ நானும் அவன் கட்சியில் சேர்ந்திருப்பேன். அப்போதும் ஆர்.டி.ஓ. அநுமதி கையில் வந்த பிறகு, பிரேக்கை முதலில் மாற்றிவிட்டு, ஒயரிங் படத்தைக் காகிதத்தில் வரைந்து வாங்கிக்கொண்டு, பழைய எஞ்சினை எண்ணெய் தடவிச் சாக்கில் கட்டிப் பத்திரமாய் வைத்துக்கொண்டுதான். அவன் இதையும் நோட்டில் குறித்துக்கொண்டான். விட்டுவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

நேற்று அந்தச் சகோதரியிடமிருந்து இரண்டாவது கடிதம் வந்தது. கார்பரேட்டர் லேத்திலிருந்து திரும்பிவிட்டதாம். பாய்க்கு முழங்கால் வலி என்பதால் பையனே உட்கார்ந்து ஜெட்டை மாட்டினானாம். மூன்று தடவை பிளக்கைக் கழற்றிப் பார்த்து, நாலாம் தடவைதான் பிஸ்கட் நிறம் வந்ததாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூன்று பேருமாகக் கபாலி கோயிலுக்குப் போய்விட்டு வந்திருக்கிறார்கள். புதுப்பேட்டைக்கு அனுப்பச் சொன்னவரும் கூடவே! திரும்புகையில் லஸ் முனையில் ஒரு தடவை நின்றதாம். "ஜெட்டில் ஏதோ தூசி. எதற்கும் இருக்கட்டும் என்று அம்மாவின் பழைய ஸ்டவ் பின்னைத் தேடி எடுத்துப் பையில் வைத்திருந்தேன். எடுத்து நீட்டினேன். பையன் பிடுங்கித் தெருவில் வீசிவிட்டு, வாயை வைத்து ஊதினான். உடனே கிளம்பிவிட்டது" என்று எழுதியிருக்கிறார்.